ரெண்டு மணி பதினோரு நிமிஷம்: ஒரு பழைய டிசிபி ஆய்வை மறுபடி படித்தபோது

7200. நெட்வொர்க் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. ஒரு டிசிபி இணைப்பில் இரண்டு பக்கமும் எதுவும் பேசாமல் இருந்தால், “மறுமுனையில் இருக்கீங்களா?” என்று முதல் தடவை கேட்பதற்கு முன்னால் கர்னல் காத்திருக்கும் நேரம், வினாடியில். அதாவது இரண்டு மணி நேரம். அதுவும் கீப்-அலைவ் என்ற வசதியை நாமாகப் போட்டு வைத்திருந்தால்தான். இல்லையென்றால் அது கேட்கவே கேட்காது.

6752. இந்த எண் அனேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது. 1990களின் நடுவில் சோலாரிஸ் 2.3 அதே கேள்வியைக் கேட்பதற்குக் காத்திருந்த நேரம் இது. 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122, இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இயல்பு மதிப்பை வைக்கவே கூடாது என்கிறது. சோலாரிஸ் 448 வினாடி அவசரப்பட்டது. இதைக் கண்டுபிடித்தவர்கள் சோலாரிஸின் சோர்ஸ் கோடில் ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. அந்தக் கணினியில் கையே வைக்கவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, வருகிற பாக்கெட்டுகளை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அவ்வளவுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டாசன், ஃபர்னாம் ஜஹானியன், டாட் மிட்டன் ஆகியோர் செய்த வேலை இது. 1995இலிருந்து 1997 வரை சில கட்டுரைகளாக வந்தது. கருவியின் பெயர் ஆர்கெஸ்ட்ரா. கடைசியாக வந்த பெரிய கட்டுரை ஆறு வணிக டிசிபி செயலாக்கங்களைச் சோதித்ததைப் பற்றியது. போன மாதம் அவற்றை மூன்றாம் தடவையாகப் படித்தேன். முதல் தடவை படித்தபோது வியப்பு, இரண்டாம் தடவை பொறாமை. இந்தத் தடவை சில புகார்களும் சேர்ந்துவிட்டன. அவற்றை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டிசிபி தெரியாதவர்களும் படிக்கிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை

இந்தக் கட்டுரைகளுக்கு நான் வந்த வழி அவ்வளவு கௌரவமானது இல்லை. அதைச் சொல்லாமல் விமர்சனம் மட்டும் எழுதினால் நேர்மையாக இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருஷங்கள். ஒரு தனியார் பால் நிறுவனத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்தோம். கிராமத்துச் சேகரிப்பு மையங்களில் ஒரு சின்ன கணினி, எலக்ட்ரானிக் தராசு, கொழுப்பு அளக்கும் கருவி, ஒரு மோடம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், ஃபேட் எவ்வளவு என்பது உடனுக்குடன் மைய சர்வருக்குப் போகும். ஒரு மையத்துக்கு ஒரு லாகின். ஏற்கெனவே இணைப்பில் இருக்கிற மையம் இன்னொரு தடவை லாகின் செய்தால் சர்வர் மறுத்துவிடும். ஒரே பதிவு இரண்டு தடவை ஏறிவிடக் கூடாதே என்று நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

காலை ஐந்தரைக்குப் பால் வரத் தொடங்கும். நடுவில் கரண்ட் போகும். ஐந்து நிமிஷத்தில் வந்தும் விடும். ஆனால் கணினி திரும்பி எழுந்து லாகின் செய்தால், “இந்த மையம் ஏற்கெனவே இணைப்பில் உள்ளது” என்று திரையில் வரும். எத்தனை தடவை முயன்றாலும் அதேதான். ஒரு மையத்தின் ஆபரேட்டர், என்னைவிடப் பத்து வயசு பெரியவர், போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “தம்பி, ரெண்டு மணி நேரம் கழிச்சு தானா சரியாயிடுது. ஆனா அதுக்குள்ள பால் வண்டி போயிடுதே.”

வண்டி போய்விடும் என்பதால் நோட்டில் எழுதுவார்கள். அப்புறம் அவசரமாக டைப் செய்வார்கள். ஒருத்தர் ஃபேட் இன்னொருத்தர் கணக்கில் ஏறும். பத்து நாளைக்கு ஒரு தடவை பட்டுவாடா நடக்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சண்டை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது: கணினியை முறையாக ஷட்டவுன் செய்யாமல் அணைக்கும் ஆபரேட்டர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று. போனில் பேசிய அந்த அண்ணனுக்கு ஒரு மாசம் சம்பளத்தில் பிடித்தம்.

சர்வர் லாகைத் தோண்டிப் பார்த்தேன். கடைசிப் பதிவு வந்த நேரத்துக்கும் இணைப்பு செத்துவிட்டது என்று சர்வர் உணர்ந்த நேரத்துக்கும் இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான். ரெண்டு மணி பதினோரு நிமிஷம், சில வினாடி. கணக்குப் போட்டேன். லினக்ஸ் 7200 வினாடி காத்திருக்கும். பிறகு 75 வினாடிக்கு ஒன்றாக 9 தடவை கேட்கும். 7200 கூட்டல் 675. மொத்தம் 7875 வினாடி. பதினைந்து வினாடி உட்பட எல்லாம் சரியாக இருந்தது. டிசிபி விதிப்படிதான் நடந்திருக்கிறது. கீப்-அலைவைப் போட்டு வைத்தவனும் நான்தான், ரொம்ப முன்யோசனை என்று நினைத்துக்கொண்டு.

அப்படியானால் சோதனையில் இது ஏன் மாட்டவில்லை? எங்கள் சோதனை அறிக்கையில் ஒரு வரி இருந்தது: “நெட்வொர்க் துண்டிப்பு — தேர்ச்சி.” கீழே என் கையெழுத்து. எப்படித் துண்டித்தேன்? கிளையன்ட் புரோகிராமை ‘கில்’ கட்டளையால் கொன்றேன். சர்வர் உடனே உணர்ந்தது. இன்னொரு தடவை கணினியை மெனுவிலிருந்து ஷட்டவுன் செய்தேன். அப்போதும் உணர்ந்தது. இரண்டு டிக்.

இதில் உள்ள ஓட்டை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். புரோகிராமை நாம் கொன்றால் கர்னல் உயிரோடுதான் இருக்கிறது. செத்தவருக்குச் செய்ய வேண்டிய காரியத்தை அது ஒழுங்காகச் செய்து, மறுமுனைக்கும் ‘முடிந்தது’ என்று ஒரு பாக்கெட் அனுப்பிவிடுகிறது. கரண்ட் போனால் தகவல் சொல்ல ஆளே இல்லை. மோடம் திரும்பி எழும்போது வேறு ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும். பழைய முகவரிக்கு சர்வர் அனுப்புகிற கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். நான் சோதித்தது மரணத்தை இல்லை, மரணச் செய்தி வந்து சேர்கிறதா என்பதை.

இந்த 7200 எங்கிருந்து வந்தது என்று தேடப் போனபோதுதான் மிச்சிகன்காரர்களின் 6752 கண்ணில் பட்டது.

அவர்கள் செய்தது என்ன

யோசனை எளிமையானது. நெட்வொர்க் மென்பொருள் அடுக்கடுக்காக இருக்கும். டிசிபிக்குக் கீழே ஐபி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கைச் செருகினார்கள். மேலேயிருந்து கீழே போகிற ஒவ்வொரு செய்தியும், கீழேயிருந்து மேலே வருகிற ஒவ்வொரு செய்தியும் அந்த அடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற வழிக்கு ஒரு ஸ்கிரிப்ட், வருகிற வழிக்கு ஒரு ஸ்கிரிப்ட். டிக்கிள் மொழியில் எழுதியது. ஸ்கிரிப்டை மாற்றினால் போதும், கர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. செய்தியை அப்படியே விடலாம், கீழே போடலாம், தாமதிக்கலாம், இரட்டிக்கலாம், வரிசை மாற்றலாம், உள்ளே கை வைத்துத் திருத்தலாம். யாரும் அனுப்பாத செய்தியைப் புதிதாக உருவாக்கியும் விடலாம்.

இந்த அடுக்கு இருந்தது எக்ஸ்-கர்னல் ஓடிய ஒரு கணினியில், அதாவது அவர்களுடைய சொந்தக் கணினியில். சோதிக்கப்பட்ட சன்ஓஎஸ், ஏஐஎக்ஸ், நெக்ஸ்ட், சோலாரிஸ் எல்லாம் கடையில் வாங்கியபடியே கம்பியின் மறுமுனையில் இருந்தன. அவற்றிடம் பேசுகிற ஆள் வேண்டுமென்றே செவிடாகவும் ஊமையாகவும் நடித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி எத்தனை தடவை கூப்பிடுகிறார், எவ்வளவு இடைவெளி விடுகிறார், எப்போது கைவிடுகிறார், கைவிடும்போது சொல்லிவிட்டுப் போகிறாரா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

கிடைத்தவற்றில் சில:

பதிலே வராவிட்டால் சன்ஓஎஸ், ஏஐஎக்ஸ், நெக்ஸ்ட் மூன்றும் ஒரே பாக்கெட்டை 12 தடவை மறுபடி அனுப்பின. இடைவெளி இரண்டிரண்டு மடங்காக ஏறி 64 வினாடியில் நின்றது. கடைசியில் ‘ரீசெட்’ அனுப்பிவிட்டு இணைப்பை மூடின. சோலாரிஸ் 9 தடவை அனுப்பியது. பிறகு எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது.

“இப்போ அனுப்பாதே, என்னிடம் இடமில்லை” என்று பெறுகிறவர் சொன்னால், அனுப்புகிறவர் அவ்வப்போது தட்டிப் பார்க்க வேண்டும். மற்றவை அதிகபட்சம் 60 வினாடிக்கு ஒரு தடவை தட்டின. சோலாரிஸ் 56 வினாடிக்கு ஒரு தடவை.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. ஒரு பாக்கெட்டுக்கான ஒப்புகையை மட்டும் 35 வினாடி பிடித்து வைத்துவிட்டு அனுப்பினார்கள். அடுத்த பாக்கெட்டுக்கு ஒப்புகையே தரவில்லை. முதல் பாக்கெட்டை 6 தடவை மறுபடி அனுப்பியிருந்த சோலாரிஸ், இரண்டாவதை 3 தடவை மட்டும் அனுப்பிவிட்டு இணைப்பை முறித்தது. ஆறும் மூணும் ஒன்பது! அதாவது, எத்தனை தடவை முயன்றோம் என்ற கணக்கை அது பாக்கெட்டுக்குப் பாக்கெட் தனியாக வைக்கவில்லை, மொத்தமாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. ஆர்எஃப்சி 1122 இந்த வரம்பை ஒரே துண்டை எத்தனை தடவை மறுபடி அனுப்புகிறோம் என்பதை வைத்துத்தான் சொல்கிறது.

இது ஏதோ இலக்கணப் பிழை மாதிரி தோன்றலாம். நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். நல்ல லைனில் இந்தக் கோளாறு ஒருநாளும் வெளியே தெரியாது. செத்த லைனிலும் தெரியாது. மோசமான, ஆனால் உயிரோடு இருக்கிற லைனில் மட்டும்தான் தெரியும். திணறித் திணறி வேலை செய்துகொண்டிருக்கிற இணைப்பை இது அகாலமாக முறித்துவிடும். அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர் “லைன் சரியில்லை” என்றுதான் நினைப்பார். குற்றம் டிசிபியுடையது என்று யாருக்கும் தோன்றாது.

ஏன் இது நல்ல வேலை

இந்த ஆய்வின் பெரிய பலம், கோளாறின் அலகைச் சரியாகப் பிடித்ததுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் ‘நெட்வொர்க் துண்டிப்பு’ என்று ஒரே வார்த்தையில் எழுதினோம். அவர்கள் அப்படி யோசிக்கவில்லை. கம்பியை ஒரு பொருளாகப் பார்க்காமல், அதில் போகிற ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். எந்தச் செய்தி, எந்தத் திசையில், எத்தனையாவது, எவ்வளவு நேரம். இப்படிக் கேட்டால்தான் ஆறும் மூணும் ஒன்பது என்பது தெரியவரும். கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தால் ஆயுசுக்கும் தெரியாது.

இன்னொரு வகைச் சோதனையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1990இல் விஸ்கான்சினில் பார்ட்டன் மில்லர் குழு யூனிக்ஸ் கட்டளைகளுக்குத் தாறுமாறான உள்ளீட்டைக் கொடுத்துப் பார்த்தது. சோதித்த கட்டளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று விழுந்தது அல்லது தொங்கியது. ஃபஸ் சோதனை என்று பெயர் வந்தது. பின்னாளில் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கோணல்மாணலான செய்திகளை முறையாகத் தயாரித்து எஸ்என்எம்பி நெறிமுறைக்குள் விட்டார்கள். 2002 பிப்ரவரியில் சர்ட் எச்சரிக்கை விடுகிற அளவுக்குப் பல நிறுவனங்களின் சாதனங்கள் அதில் அடிபட்டன. இரண்டும் மகத்தான வேலைகள். ஆனால் அவை கண்டுபிடிப்பது பெரும்பாலும் விழுகிற புரோகிராமை. 6752இல் எதுவும் விழவில்லை. எந்தச் செய்தியிலும் பிழை இல்லை. எல்லாம் இலக்கண சுத்தம், நேரம் மட்டும் தப்பு. மௌனத்தைப் புகுத்தி, மௌனத்துக்கு என்ன எதிர்வினை என்று கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தால்தான் இது பிடிபடும்.

இந்த வேலை பலன் இல்லாமலும் போகவில்லை. 1999 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2525, அப்போது தெரிந்திருந்த டிசிபி செயலாக்கக் கோளாறுகளின் பட்டியல். அதன் ஆசிரியர்களில் டாசனும் ஒருவர். கீப்-அலைவ் இடைவெளி போதாமை என்பது அதில் தனித் தலைப்பாகவே இருக்கிறது.

என் புகார்கள்

முதல் புகார், எண்ணிக்கையைப் பற்றி. தலைப்பில் ‘ஆறு’ என்று இருக்கிறது. ஆரம்பத்தில் நாலு, பிறகு விண்டோஸ் 95உம் ஓஎஸ்/2உம் சேர்ந்தன. ஆனால் சன்ஓஎஸ், ஏஐஎக்ஸ், நெக்ஸ்ட் மூன்றின் டிசிபியும் பெர்க்லி பிஎஸ்டி வழியில் வந்தவை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூணு பேர் வந்து ஒரே மாதிரி சாட்சி சொன்னால் அது மூணு சாட்சி ஆகாது. 12 தடவை, 64 வினாடி, 60 வினாடி என்று மூன்றும் அச்சாக ஒத்துப்போவதைப் பார்க்கும்போது, ‘பெரும்பான்மை இப்படி, சோலாரிஸ் மட்டும் வித்தியாசம்’ என்ற தோற்றம் வந்துவிடுகிறது. உண்மையில் அங்கே நடப்பது பெர்க்லியின் பழக்கத்துக்கும் இன்னொருவர் பழக்கத்துக்கும் ஒப்பீடு. கீப்-அலைவ் நேரத்தில் சோலாரிஸ் விதியை மீறியது உண்மை. ஆனால் 12க்குப் பதில் 9 என்பது தப்பு இல்லை. எத்தனை தடவை என்று விதி சொல்லவில்லை. குறைந்தது 100 வினாடியாவது முயல வேண்டும் என்பதுதான் பரிந்துரை. மீறல் எது, ரசனை வேறுபாடு எது என்று படிக்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ‘சரி’ எது என்று யார் சொல்வது என்ற கேள்வி. கோளாறைப் புகுத்துவதை ஸ்கிரிப்ட் செய்கிறது. கிடைத்த பதில் சரியா தப்பா என்று தீர்மானிப்பதை மனிதர் செய்கிறார், பதிவேட்டைப் புரட்டிப் படித்து. ஒரு தடவை செய்யும் ஆய்வுக்கு இது போதும். அடுத்த வெளியீட்டில் அதே கோளாறு திரும்பி வந்தால்? மறுபடி யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். 2013இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட பாக்கெட்ட்ரில் இந்த இடத்தைத்தான் நிரப்பியது. அதில் எந்தப் பாக்கெட்டை உள்ளே விடுகிறோம் என்பதோடு, எந்தப் பாக்கெட் எந்த நேரத்தில் வெளியே வர வேண்டும் என்பதையும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுவார்கள். வராவிட்டால் சோதனை தோல்வி. கேள்வியோடு விடையையும் எழுதி வைப்பது. ஆர்கெஸ்ட்ரா கேள்வித்தாள் மட்டும்தான்.

மூன்றாவது, வெளியிலிருந்து பார்ப்பதன் எல்லை. கீப்-அலைவில் 7200க்கு 6752. தட்டிப் பார்ப்பதில் 60க்கு 56. வகுத்துப் பாருங்கள். முதலாவது கிட்டத்தட்ட 94 சதவீதம், இரண்டாவது 93 சதவீதம். சம்பந்தமே இல்லாத இரண்டு நேரங்கள் ஒரே அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன. எனக்குத் தோன்றுவது, இது இரண்டு தவறு இல்லை, ஒரே கடிகாரக் கணக்கு எங்கோ பிசகியிருக்கலாம் என்று. ஊகம்தான். ஆனால் ஊகத்தோடு நிற்க வேண்டியிருப்பதுதான் இந்த முறையின் குறை. நோய்க்குறி துல்லியமாகக் கிடைக்கிறது, நோய் கிடைப்பதில்லை.

நான்காவது புகார் எனக்குச் சொந்தமானது. இந்தச் சோதனைகள் டிசிபியோடு நின்றுவிடுகின்றன. டிசிபிக்கு மேலே ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது, அதை நம்பி ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பால் சர்வரை ஆர்கெஸ்ட்ராவால் சோதித்திருந்தால் டிசிபி முதல் வகுப்பில் தேறியிருக்கும். 7200 விதிப்படி, 75 வினாடி இடைவெளி லினக்ஸ் வழக்கப்படி. கோளாறு இரண்டுக்கும் நடுவில், ‘இணைப்பு உயிரோடு இருந்தால் மையமும் உயிரோடு இருக்கிறது’ என்ற என் நம்பிக்கையில் இருந்தது.

இந்தப் புகாரை வைக்கும்போதே அதற்குப் பதிலும் அவர்களிடமே இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் டிசிபியை மட்டும் சோதிக்கவில்லை. பல கணினிகள் சேர்ந்து ‘இப்போது குழுவில் யார் யார் உயிரோடு இருக்கிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும் குழு உறுப்பினர் நெறிமுறை ஒன்றையும் அதே கருவியால் சோதித்தார்கள். அந்த நெறிமுறையை வகுத்தவர்களில் ஜஹானியனே ஒருவர். அதாவது சொந்த வீட்டுச் சமாச்சாரம். ஒவ்வொரு உறுப்பினரும் ‘இருக்கிறேன்’ என்று அவ்வப்போது செய்தி அனுப்ப வேண்டும், தனக்குத்தானே கூட. அந்தச் சொந்தச் செய்தி தனக்கே வராதபடி செய்து பார்த்தார்கள். அந்தச் செயலாக்கம் தான் செத்துவிட்டதாகத் தானே முடிவு கட்டி, அதற்குமேல் ஒழுங்காக நடந்துகொள்ளத் தெரியாமல் தடுமாறியது. தான் சம்பந்தப்பட்ட வேலையின் ஓட்டையைத் தானே எழுதி வெளியிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் அதைச் செய்யாதவன்.

செய்யாதது

கோளாறைக் கண்டுபிடித்த அன்றே திருத்திவிட்டேன். திருத்தம் சின்னதுதான். கீப்-அலைவ் நேரத்தைக் குறைத்தேன். கிளையன்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் இருப்பைத் தானே சொல்லும்படி செய்தேன். மூன்று தடவை சொல்லாவிட்டால் சர்வர் பழைய இணைப்பைத் தூக்கிப் போட்டுவிடும். புது லாகின் வந்தால் மறுக்காமல் பழையதைக் கேள்வி கேட்கும். மேலாளரிடம் வாயால் சொன்னேன். “சரி, அடுத்த வெர்ஷன்ல போட்டுடு” என்றார். போட்டேன். வெளியீட்டுக் குறிப்பில் ‘இணைப்பு மேம்பாடு’ என்று ஒரு வரி.

அந்தச் சுற்றறிக்கை அப்படியே இருந்தது. ஆபரேட்டர்கள் கணினியை முறையில்லாமல் அணைத்ததுதான் காரணம் என்று எழுத்தில் இருக்கிறது. காரணம் வேறு என்று எழுத்தில் எங்குமே இல்லை. அவர்கள் அணைக்கவில்லை, கரண்ட் போனது. அதைத் தாங்கும்படி நான் எழுதவில்லை. தாங்கும் என்று கையெழுத்தும் போட்டேன். பிடித்த சம்பளம் திரும்பக் கிடைத்ததா என்று விசாரிக்கக்கூட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இதனால்தான் மிச்சிகன் கட்டுரைகளில் எனக்கு இப்போது மிகவும் பிடிப்பது கண்டுபிடிப்புகள் இல்லை, சலிப்பூட்டும் பகுதிதான். எந்தப் பாக்கெட்டை விட்டோம், எதிலிருந்து கீழே போட்டோம், எந்தத் திசையில் போட்டோம், எவ்வளவு நேரம் தாமதித்தோம் என்று வரிசையாக எழுதியிருக்கும் பகுதி. அதைப் படித்தால் என்ன சோதித்தார்கள் என்பது தெரியும். அதனாலேயே என்ன சோதிக்கவில்லை என்பதும் தெரியும். மேலே நான் அடுக்கிய புகார்களில் பாதி அவர்கள் எழுதியதை வைத்தே எழுந்தவை. ‘நெட்வொர்க் துண்டிப்பு — தேர்ச்சி’ என்ற என் வரியை வைத்து யாரும் எந்தப் புகாரும் சொல்ல முடியாது. அது அந்த அளவுக்கு மொட்டையாக இருந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு லினக்ஸ் கணினி, அல்லது ஒரு கணினிக்குள் இரண்டு மெய்நிகர் கணினி. உங்கள் புரோகிராமை இணைத்துக்கொள்ளுங்கள். ஐபிடேபிள்ஸில் ஒரு டிராப் விதி போட்டு ஒரு திசையை மட்டும் அடையுங்கள். ரிஜெக்ட் போடாதீர்கள், அது செய்தி சொல்லிவிடும். எஸ்எஸ் கட்டளையில் டைமரைக் காட்டச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். பிறகு திசையை மாற்றுங்கள். பிறகு நெட்எம்மை வைத்துத் தாமதத்தைக் கூட்டுங்கள். பிறகு மறுமுனையில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இந்த நாலுக்கும் உங்கள் புரோகிராம் நாலு விதமாக நடந்துகொள்ளும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இப்போதெல்லாம் என் குழுவின் சோதனை அறிக்கையில் மூன்று பத்தி இருக்கும். என்ன செய்தோம், என்ன நடந்தது, என்ன செய்து பார்க்கவில்லை. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். புதிதாக வருகிற பையன்களும் பெண்களும் முதல் தடவை அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முழிப்பார்கள். “கரண்ட் போனா என்ன ஆகும்னு பார்த்தியாம்மா?” என்று கேட்பேன். பார்க்கலை சார் என்பார்கள். அதை எழுது என்பேன்.